விலை எங்கே குறைந்தது என்று பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் மலிவு விலை வேட்டைத் துப்பாக்கிகளுக்குள் நடக்கும் போட்டியைப் பற்றி உங்கள் வணிகப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஒரு தமிழ் நாளிதழ் இந்த விஷயத்தை எடுத்து எழுதியதே எனக்குச் சந்தோஷம். ஆனால் கட்டுரை பெரும்பாலும் விலைப்பட்டியலாகவே போய்விட்டது. போதாததற்கு, விலை குறைந்தது என்றால் தரமும் குறைந்ததுதான் என்ற எண்ணம் அதில் வரிக்கு வரி ஓடுகிறது. துருக்கியில் செய்து வருபவற்றைப் பற்றிச் சொல்லும் பத்தியில் அது இன்னும் அழுத்தமாகத் தெரிகிறது. அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் கோவை கணபதிக்காரன். பதினெட்டு வயதில் லேத் பட்டறையில் பம்ப் ஷாஃப்ட் கடைய ஆரம்பித்தேன். 2004-ல் பென்சில்வேனியாவில் யார்க் நகரத்துக்கு வந்தேன். இங்கேயும் மெஷின் ஷாப் வேலைதான், இப்போது தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். கணபதியில் இருந்த காலத்தில் வெளியூர் வியாபாரிகள் வந்து, "கோயம்புத்தூர் பம்பா? விலை கம்மிதான், ஆனா எத்தனை நாள் ஓடும்?" என்று எங்கள் முதலாளியின் முகத்துக்கு நேராகக் கேட்பார்கள். அந்த பம்புகளில் சில இன்னும் எங்கள் மாமா தோட்டத்துக் கிணற்றில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதனால் ஊர்ப் பெயரையும் விலையையும் வைத்து ஒரு பொருளைக் கழித்துக்கட்டினால் எனக்குப் பொறுக்காது.

முதலில் உங்கள் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். நம் நாட்டில் 1972-ம் ஆண்டு வன உயிரினச் சட்டம் வந்த பிறகு மானைச் சுடுவது குற்றம், அது சரியான சட்டம். இங்கே நிலைமை வேறு. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பென்சில்வேனியாவில் மான் ஏறக்குறைய அற்றுப்போயிருந்தது. 1895-ல் ஏற்படுத்தப்பட்ட மாநில வேட்டை ஆணையம் வெளி மாநிலங்களிலிருந்து மான்களைக் கொண்டுவந்து விட்டுத்தான் இனத்தை மீட்டது. இன்றைக்கு அவற்றை அடித்துத் தின்ன ஓநாய் கிடையாது. மக்காச்சோளக் காட்டிலும் நெடுஞ்சாலையிலும் வெள்ளைவால் மான் கூட்டங்கூட்டமாக நிற்கிறது. யார், எந்த வாரத்தில், எந்தப் பகுதியில், எத்தனை சுடலாம் என்று ஆணையம் ஒவ்வொரு வருடமும் கணக்குப் போட்டு லைசன்ஸ் கொடுக்கிறது. முதல் முறை லைசன்ஸ் வாங்குபவர் பயிற்சி வகுப்பில் தேறியிருக்க வேண்டும். ஒவ்வொரு ரைஃபிளுக்கும் தோட்டாவுக்கும் 1937-ல் வந்த சட்டப்படி 11 சதவீத மத்திய வரி உண்டு. அந்தப் பணம் வன உயிர்ப் பாதுகாப்புக்கே திரும்பிப் போகிறது.

துப்பாக்கியை யார் வேண்டுமானாலும் வாங்கிவிடலாமா என்று ஊரிலிருந்து பேசுபவர்கள் கேட்கிறார்கள். கடையில் வாங்கினால் பின்னணிச் சோதனை உண்டு. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் பொதுவாக வாங்க முடியாது, செல்லுபடியாகும் வேட்டை லைசன்ஸ் கையில் இருப்பது அதற்கான விதிவிலக்குகளில் ஒன்று. நான் கிரீன் கார்டு வந்த பிறகுதான் வாங்கினேன். வீட்டில் அது இரும்புப் பெட்டிக்குள் பூட்டித்தான் இருக்கிறது.

தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்ளும் ரைஃபிளை பென்சில்வேனியாவில் மான் வேட்டைக்கு எடுத்துப்போகக் கூடாது. அதனால் இங்கே பெரும்பாலோர் கையில் இருப்பது போல்ட் ஆக்‌ஷன். நம் வீட்டுக் கதவின் தாழ்ப்பாளை நினைத்துக்கொள்ளுங்கள்: கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, மடக்க வேண்டும். ஒரு முறை சுட்டால் மறுபடி அதையே செய்தால்தான் அடுத்த தோட்டா உள்ளே போகும்.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். விலையைக் குறைக்க இரண்டு வழி உண்டு. செய்யும் முறையை மாற்றி யோசிப்பது ஒன்று. செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமல் விடுவது இன்னொன்று. கடை ரேக்கில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்போது இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

முதல் வழிக்கு உதாரணம் சாவேஜ் கம்பெனியின் 110. 1958-ல் வந்தது. ரைஃபிளின் குழலை ரிசீவரில், அதாவது போல்ட் ஓடும் நடு உடலில், மரை போட்டு ஏற்றும்போது, மூடிய போல்ட்டுக்கும் தோட்டாவுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி துல்லியமாக அமைய வேண்டும். கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. அந்தக் காலத்தில் கைத்தேர்ச்சியுள்ள ஃபிட்டர் ஒருவர் குழலின் தோள்பட்டையைக் கொஞ்சம் சீவுவார், ஏற்றிப் பார்ப்பார், கழற்றுவார், மறுபடி சீவுவார். 110-ல் அந்தத் தோள்பட்டையையே எடுத்துவிட்டார்கள். தோட்டா அறைக்குள் அளவு பார்க்கும் கேஜை வைத்து, போல்ட்டை மூடி, குழலை அது தொடும் வரை கையால் திருகி, வெளியே ஒரு பெரிய நட்டைப் போட்டு இறுக்கினால் வேலை முடிந்தது. பம்பில் லாக் நட் போட்டு பேரிங்கை நிறுத்திய கை எனக்கு. முதல் முறை அதைக் கழற்றிப் பார்த்தபோது, இதை யோசித்தவன் நம்மைப்போல ஒரு பட்டறைக்காரனாகத்தான் இருந்திருப்பான் என்று தோன்றியது. போல்ட்டின் தலையையும் கொஞ்சம் ஆட்டம் விட்டு ஊசியில் மாட்டியிருப்பார்கள், போல்ட்டைப் பூட்டும் இரண்டு பக்கப் பற்களும் தானே சமமாக உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்து அரம் போட்டு இழைக்கிற வேலை மிச்சம். இதில் தரம் எங்கே குறைந்தது? செலவு குறைந்தது, குறி நன்றாகவே நின்றது. 1988-ல் திவால் நோட்டீஸ் கொடுத்த அந்தக் கம்பெனி மீண்டு எழுந்ததும் இந்த ஒரு ரைஃபிளைப் பிடித்துக்கொண்டுதான்.

மதிப்பானது என்று உங்கள் கட்டுரை சொல்லும் ரெமிங்டன் 700-ன் கதையும் இதேதான். அதன் தாய் 1948-ல் வந்த 721. பழைய ஜெர்மன் மவுசர் வகை ரிசீவரை அடித்து, மில்லிங்கில் பல தடவை வெட்டி எடுக்க வேண்டும். 721-ன் ரிசீவர் உருளை வடிவம், லேத்தில் கடைந்துவிடலாம். சுடும்போது பின்னால் வரும் உதையைத் தாங்கும் பல்லுக்காகத் தனியாக மெனக்கெடாமல், வாஷர் மாதிரி ஒரு தகட்டைக் குழலுக்கும் ரிசீவருக்கும் நடுவே வைத்து இறுக்கிவிட்டார்கள். அன்றைக்கு அதுதான் மலிவு வேலை. 1962-ல் அதற்கு, குழலைத் தாங்கித் தோளில் பதியும் கட்டையை நன்றாகச் செய்து, பளபளப்பும் கொடுத்து 700 என்று பெயர் வைத்தார்கள். இன்றைக்கு விலை உயர்ந்த பல ரைஃபிள்கள் அந்த அச்சைப் பார்த்துத்தான் செய்யப்படுகின்றன.

இரண்டாம் வழி சரியாகப் போகாததற்கும் உதாரணம் உண்டு. வின்செஸ்டர் 1964-ல் தன் மாடல் 70-ஐ மலிவாக்கியது. தோட்டாவைப் பிடித்து இழுக்கும் அகலமான நகத்தை எடுத்தார்கள், கட்டையில் கையால் வெட்டிய கோடுகளுக்குப் பதிலாக அச்சால் அழுத்தினார்கள். வாங்குபவர்கள் அதை மன்னிக்கவே இல்லை. அறுபது வருடம் கழித்தும் பழைய துப்பாக்கி விற்பவர்கள் "64-க்கு முன்னாலதா, பின்னாலதா?" என்றுதான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள்.

அப்புறம் ரூகர் கம்பெனியின் அமெரிக்கன். 2012-ல் 449 டாலர் பட்டியல் விலையில் வந்தது, கடையில் அதற்கும் கீழே கிடைத்தது. அப்போது சாவேஜின் ஆக்ஸிஸ் அந்த விலைப் பிரிவில் ஓடிக்கொண்டிருந்தது. ரூகர் குழலில் கை வைக்கவில்லை. குழலைக் குளிர் நிலையிலேயே சுற்றிலும் சுத்தியலால் அடித்து உள்ளே சுருள்வரி ஏற்றும் முறையைத்தான் இதற்கும் பயன்படுத்தினார்கள். குழலை நிறுத்த அதே நட்டு முறை. பிளாஸ்டிக் கட்டைக்குள் ரிசீவர் ஆடாமல் உட்கார என்ன செய்தார்கள் தெரியுமா? இரண்டு எஃகு வீ பிளாக்கைக் கட்டையோடு சேர்த்து வார்த்துவிட்டார்கள். கோவையில் எந்தப் பட்டறைக்குப் போனாலும் மேஜை மேல் ஒரு வீ பிளாக் இருக்கும். உருண்டைக் கம்பியை அதில் வைத்தால் தானே நடுவில் போய் அமர்ந்துகொள்ளும். நானும் நம் ஊர்ப் பையன்கள் ஆயிரக்கணக்கான பேரும் தினமும் தொட்ட அந்தச் சாமான், நானூறு டாலர் ரைஃபிளுக்குள் இருந்தது. கழற்றிவைத்து வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அதற்குப் பின் எல்லோரும் இறங்கினார்கள். 2013-ல் ரெமிங்டன் 783, 2015-ல் மாஸ்பர்க் பேட்ரியட், வின்செஸ்டர் எக்ஸ்பிஆர், 2016-ல் தாம்ப்சன் சென்டரின் காம்பஸ், 2020-ல் ஸ்பெயினில் செய்து வரும் சிவிஏ கேஸ்கேட். நூறு கஜத்தில் மூன்று தோட்டா ஒரு அங்குலத்துக்கு முன்பின் விழுவது ஒரு காலத்தில் காசுள்ளவர் பேச்சாக இருந்தது. இன்றைக்குச் சுட்டுப் பழகும் ரேஞ்சில் கல்லூரிப் பையன் கையில் அது நடக்கிறது. இந்தப் போட்டி வாங்குபவருக்கு நல்லது செய்ததா என்றால், செய்தது, சந்தேகமே இல்லை.

கட்டுரை தொடாமல் விட்ட இடம் இனிமேல்தான் வருகிறது.

நான் முதலில் வாங்கியது ஒரு காம்போ. ரைஃபிளும் அதன் மேல் ஏற்கெனவே பொருத்திய ஸ்கோப்பும் (குறி பார்க்கும் தொலைநோக்கி) ஒரே அட்டைப் பெட்டியில் இருந்தன. எந்தக் கம்பெனி என்று சொல்ல விரும்பவில்லை. ரைஃபிள் நல்ல ரைஃபிள், இன்றும் என்னிடம் இருக்கிறது. ரேஞ்சில் பத்துப் பதினைந்து தோட்டா சுட்டேன், குறி விழுந்தது, போதும் என்று கிளம்பிவிட்டேன். 2014, நன்றி நவிலும் நாளுக்கு அடுத்த திங்கள்கிழமை. அந்தக் காலத்தில் ரைஃபிள் மான் சீசன் அன்றுதான் தொடங்கும். வடக்கே பாட்டர் கவுண்டி மலையில் விடியற்காலையில் ஒரு ஹெம்லாக் மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். எண்பது கஜத்தில் ஒரு கொம்பு மான் பக்கவாட்டில் வந்து நின்றது. முன்னங்காலுக்குப் பின்னால் குறி வைத்து, மூச்சை அடக்கி, விசையை அழுத்தினேன். அது முதுகை வளைத்துக்கொண்டு ஓடியது. அப்படி ஓடினால் குடலில் பட்டிருக்கிறது என்று என்னோடு வந்த பெரியவர், பட்டறையில் எனக்குப் பக்கத்து மெஷினில் நின்றவர், சொன்னார். பனியில் ரத்தம் கருஞ்சிவப்பாகச் சொட்டுச் சொட்டாகப் போனது. நடுவே இலைப்பச்சைச் சாறு கலந்திருந்தது. இருட்டும் வரை தேடினோம், மறுநாளும் போனோம். ஓடையைத் தாண்டிய பிறகு தடம் இல்லை. கிடைக்கவே இல்லை.

அந்த மான் எத்தனை மணி நேரம் துடித்திருக்கும் என்பதை நான் இன்னும் நினைக்காத சீசன் கிடையாது.

வீட்டுக்கு வந்து ஸ்கோப்பைக் கழற்றினேன். ஸ்கோப்பைத் தாங்கும் பேஸைப் பிடித்திருந்த நான்கு சின்ன ஸ்க்ரூவில் இரண்டு விரலாலேயே திரும்பின. துளைகளுக்குள் துருப் பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெய் அப்படியே இருந்தது. யாரும் துடைக்கவில்லை, மரைப் பசை ஒரு சொட்டு வைக்கவில்லை. அளவாக இறுக்கும் டார்க் ரெஞ்சு அதைத் தொட்டிருக்கவே வாய்ப்பில்லை. தர ஆய்வில் நிற்கும் நான் அதைச் சோதிக்காமல் காட்டுக்குக் கொண்டுபோனது என் தப்பு, அதை மறைக்கவில்லை. ஆனால் ஒரு ஆள் பத்து நிமிடம் செய்ய வேண்டிய வேலையை எடுத்துவிட்டுத்தான் அந்தப் பெட்டியின் விலை குறைந்திருந்தது. நட்டு போட்டுக் குழலை நிறுத்தியதில் மிச்சமான காசும் இந்த ஸ்க்ரூவில் மிச்சம் பிடித்த காசும் ஒன்றா? விலைச்சீட்டில் இரண்டும் ஒரே எண்ணாகத்தான் தெரியும்.

இப்போது வருகிற புதியவற்றிலும் இதைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். ரூகர் அமெரிக்கனின் இரண்டாம் தலைமுறை 2023 டிசம்பரில் வந்தபோது பட்டியல் விலை 729 டாலர். விலை ஏறிவிட்டது என்று கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்டது. ஏறியது எதற்கு என்றும் சொல்லியிருக்கலாம். முந்தைய கட்டை லேசாக வளையும், மணல் மூட்டையில் அழுத்தி வைத்தால் குழலைத் தொட்டுக் குறி மாறும் என்பது பலர் சொன்ன குறை. இப்போது கட்டையை மாற்றியிருக்கிறார்கள். நடுவே ஒரு துண்டை எடுத்தால் நீளம் குறைகிறது, கன்னம் படும் இடத்தை உயர்த்திக்கொள்ளலாம். தவறிச் சுடாமல் தடுக்கும் சேஃப்டியில் மூன்றாவது நிலை ஒன்று வந்திருக்கிறது. அதில் வைத்துவிட்டால், புதருக்குள் நடக்கும்போது போல்ட் கைப்பிடி கொடியில் மாட்டித் தூக்கிக்கொள்ளாது. இவை எல்லாம் காசு கொடுத்து வாங்கத் தகுந்த மாற்றங்கள்.

ஆனால் ரூகர் மேலே போகிறது, கீழே குறைந்த விலையில் இடம் இருக்கிறது. அந்த இடத்துக்குத்தான் துருக்கிக்காரர்கள் வருகிறார்கள். ஸ்டீவன்ஸ் 334-ஐத் துருக்கியில் செய்து இங்கே கொண்டுவருவதே சாவேஜ்தான், தன் பழைய துணைப் பெயரில். தன் ஆக்ஸிஸுக்குத் தானே போட்டியாக ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருக்கிறது. ரேஞ்சில் ஒருவரிடம் வாங்கி அதில் ஐந்து தோட்டா சுட்டுப் பார்த்தேன். போல்ட் வழுவழுவென்று போகிறது, விசையில் கரகரப்பு இல்லை. ஐந்து தோட்டாவை வைத்து அது பத்து வருடம் நிற்கும் என்று நான் சொல்ல மாட்டேன். துருக்கியில் செய்ததாலேயே நிற்காது என்று யாரும் சொல்லவும் கூடாது. நல்ல எஃகும் நல்ல கேஜும் எந்த ஊரில் இருந்தாலும் நல்ல சாமான் வரும்.

போன வருடம் என் மகளுக்கு முதல் ரைஃபிள் வாங்கப் போனோம். பதினாறு வயது, கை நீளம் கொஞ்சம் குறைவு. கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது ஸ்கோப்போடு வந்த ஒரு காம்போதான். நான் பர்ஸிலிருந்து ஒரு டாலர் நோட்டை எடுத்து, குழலுக்கும் கட்டைக்கும் நடுவே விட்டு, முனையிலிருந்து ரிசீவர் வரை இழுத்துக் காட்டினேன். நோட்டு பாதியில் நின்றது. கட்டையின் முன்பகுதியை இரண்டு விரலால் அழுத்தச் சொன்னேன், குழலோடு ஒட்டிக்கொண்டது. அவளுக்கே புரிந்துவிட்டது. தோட்டாக்களை வைக்கும் மேகசினைப் பத்துத் தடவை போட்டுக் கழற்றினோம். தோட்டா இல்லாமல் விசையை அழுத்திப் பார்த்தாள். கடைசியில் இரண்டாம் தலைமுறை ரூகரை .243 தோட்டாவில் எடுத்தோம். 1955-லிருந்து இருக்கிற தோட்டா, உதை குறைவு. கட்டையில் துண்டை எடுத்ததும் அவள் தோளுக்குச் சரியாக வந்தது. ஸ்கோப்பைத் தனியாக வாங்கி, நானே துளைகளை ஸ்பிரிட்டால் துடைத்து, பசை வைத்து, டார்க் ரெஞ்சால் இறுக்கினேன். ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அவள் மறுபடி சோதித்தாள். கோடை முழுக்க ஆறு டப்பா தோட்டா சுட்டாள். ஒரு டப்பாவுக்கு இருபது தோட்டா. அந்தச் செலவும் துப்பாக்கியின் விலையோடு சேர்ந்ததுதான் என்று நான் எண்ணுகிறேன்.

முதல் நாள் காலை ஒன்பது மணிக்கு ஒரு பெண்மான், எழுபது கஜம், ஒரே தோட்டா. நாற்பதடி போய் விழுந்தது. அவள் அழுதாள், நானும் அழுதேன். பாதி இறைச்சியை வைத்துக்கொண்டு, மீதியை இங்கே 1991-லிருந்து வேட்டைக்காரர்களிடம் மான் இறைச்சி வாங்கிப் பசித்தவர்களுக்குக் கொடுக்கும் திட்டத்துக்குக் கொடுத்தோம். என் மனைவி மிளகு தூக்கலாகப் போட்டு நம் ஊர் வறுவல் செய்தாள்.

ஆகவே உங்களிடம் என் வேண்டுகோள் இது. கட்டுரையில் இருந்த ஒப்பீட்டு அட்டவணையில் விலை, எடை, தோட்டா அளவு என்று மூன்று கட்டங்கள் இருந்தன. அடுத்த முறை எழுதும்போது கட்டை வளைகிறதா, விசை எத்தனை பவுண்டில் இறங்குகிறது, மேகசின் எதனால் செய்தது, ஸ்கோப்பை யார், எப்படிப் பொருத்தினார்கள் என்ற நான்கையும் சேர்த்துவிடுங்கள். அமெரிக்காவில் உங்கள் இதழைப் படிக்கும் தமிழர்களில் முதல் துப்பாக்கி வாங்க நினைப்பவர்கள் எனக்குத் தெரிந்தே பலர். இங்கே பென்சில்வேனியாவில் ரைஃபிள் மான் சீசன் நவம்பர் கடைசிச் சனிக்கிழமை தொடங்குகிறது. அதற்கு ஒரு மாதம் முன்னால் வெளிவந்தால், வாங்கியவர்கள் காட்டுக்குப் போகும் முன் ஸ்க்ரூக்களைக் கழற்றிப் பார்க்க நேரம் இருக்கும்.

இப்படிக்கு,
கணபதி லேத் பட்டறையில் தொழில் பழகிய ஒரு வாசகர்,
யார்க், பென்சில்வேனியா